165 ரூபாயில் ஒரு வீராங்கனை

பள்ளிக்கூடங்கள் நம் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டுகின்றன, அதில் ஐயமில்லை. கூடவே, மாதத்திற்கு ஒரு முறையேனும் பெற்றோரின் மடியைத் தடவிப் பார்க்கவும் அவை தவறுவதில்லை. மஞ்சள் நிற நாள் என்று ஒரு சீட்டு வரும். மஞ்சள் சட்டை தேடி அலைய வேண்டும். பழங்கள் நாள் என்று ஒரு சீட்டு வரும். ஆப்பிள் விலையைக் கேட்டுவிட்டுக் கொய்யாவோடு திரும்ப வேண்டும். இவை அனைத்திலும் இல்லத்தரசிகளின் உறக்கத்தைப் பெரிதும் கெடுப்பது மாறுவேடப் போட்டியே என்பது என் துணிபு. அந்தச் சீட்டு பிள்ளையின் குறிப்பேட்டில் ஒட்டப்பட்டு வந்த நாளிலிருந்து அடுப்பில் சோறு வேகிறதோ இல்லையோ, வீட்டில் வேடம் வெந்துகொண்டிருக்கும்.

நாங்கள் படித்த காலத்தில் இது அத்தனை பெரிய காரியமாக இருந்ததில்லை. ஒரு வெள்ளைச் சட்டையும் ரோஜாப் பூவும் கிடைத்துவிட்டால் நேரு வந்துவிடுவார். கறுப்புக் கோட்டும் தலைப்பாகையும் மையால் வரைந்த மீசையும் இருந்தால் பாரதியார் எழுந்து நிற்பார். இன்றைய பிள்ளைகளோ வானில் பறப்பவரையும் சுவரில் ஏறுபவரையும் கேட்கிறார்கள். சூப்பர் ஹீரோ என்னும் அந்த இனத்தார் மேல்நாட்டுப் படக்கதைகளில் பிறந்து, திரைப்படங்களில் வளர்ந்து, இப்போது நம் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கின்றனர். அவர்களை அனுப்புவது எளிதன்று.

சென்ற நவம்பரில் குழந்தைகள் நாளையொட்டி அத்தகைய சீட்டு ஒன்று எங்கள் வீட்டிற்கும் வந்தது. நான்காம் வகுப்பில் படிக்கும் என் மூத்த மகள் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. "நான் மிஸ் மார்வெல்!" என்றாள்.

இப்பெயரை அறியாத சகோதரிகளுக்காகச் சில வரிகள் எழுதுவது பொருந்தும். கமலா கான் என்பது அந்தக் கதைமாந்தரின் பெயர். அமெரிக்காவின் ஜெர்சி நகரில் வாழும், பாகிஸ்தானிலிருந்து குடியேறிய முஸ்லிம் குடும்பத்துப் பதின்பருவப் பெண். மார்வெல் நிறுவனத்தின் படக்கதைகளில் 2013இல் தலைகாட்டி, 2014 பிப்ரவரியில் தன் பெயரிலேயே தனி இதழ் கண்டாள். கதை எழுதியவர் ஜி. வில்லோ வில்சன் என்னும் அமெரிக்கப் பெண்மணி, இஸ்லாத்தைத் தழுவியவர். அவளை உருவாக்கியதில் சனா அமானத் என்ற பதிப்பாசிரியருக்கும் பெரும் பங்கு உண்டு. முதல் தொகுதி 2015இல் ஹியூகோ விருது பெற்றது. 2022இல் இமான் வெள்ளானி என்ற இளம்பெண் நடிக்கத் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. எதிர்வீட்டுப் பிள்ளைகளோடு அமர்ந்து என் மகள் பார்த்தது இந்தத் தொடரைத்தான். இவளை ஏன் பிடித்தது என்று கேட்டேன். "அவளையும் அவ அம்மா திட்டிக்கிட்டே இருக்காங்கம்மா" என்று விடை வந்தது. அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

வேடத் துணி வாடகைக்குத் தரும் கடை ஒன்றிற்கு அவளையும் அவளுடைய அத்தாவையும் அழைத்துச் சென்றேன். சிலந்தி மனிதர், வௌவால் மனிதர் என்று ஆண்பிள்ளை வேடங்கள் வரிசையாகத் தொங்கின. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த மார்பும் புஜமும் கொண்டவை. பெண்பிள்ளைக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று. அதன் பாவாடை முழங்காலைக்கூட எட்டவில்லை. துணி மெல்லிய நைலான். முன்பு அணிந்த பிள்ளைகளின் வியர்வை வாடை அதில் குடியிருந்தது. ஒரு நாள் வாடகை 600 ரூபாய், முன்பணம் 1,000 ரூபாய் என்றார் கடைக்காரர். கமலா கானின் உடை அவரிடம் இல்லை. இணையத்தில் வரவழைத்துக் கொள்ளலாம், 1,450 ரூபாய் ஆகும் என்று கைப்பேசியில் காட்டினார்.

என் கணவர் வாகன உதிரிப்பாகக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். அந்த இரண்டு மாதமும் சம்பளம் பாதி பாதியாகத்தான் வந்துகொண்டிருந்தது. பெருநாளுக்கு முதலாளியிடம் வாங்கிய முன்பணமே இன்னும் கழியவில்லை. இத்தனையும் தெரிந்திருந்தும், இரவு பிள்ளைகள் உறங்கிய பிறகு, "ஆர்டர் போட்டுடலாம். முதலாளிகிட்ட இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கிறேன். நாலு பேர் முன்னால நம்ம புள்ள குறையா நிக்கக் கூடாது" என்றார். அவர் சொன்னதில் ஊதாரித்தனம் எதுவும் இல்லை. தாம் சிறுவனாக இருந்தபோது எங்கோ குறையாக நின்ற ஒரு மனிதரின் பேச்சு அது. ஆனாலும் ஒரு முற்பகல் அணிந்து கழற்றப்போகும் துணிக்காக, கடனாளியான ஒருவர் மீண்டும் முதலாளியின் மேசை முன் போய் நிற்பதை என் மனம் ஒப்பவில்லை. "வீட்டிலேயே தைத்துவிடலாம், அத்தாவிடம் கேட்கிறேன்" என்றேன்.

காலையில் இதைக் கேட்ட மகளின் கண்கள் கலங்கின. "வீட்ல தைச்சா அது நிஜமான டிரெஸ் இல்லையேம்மா!"

எனக்கு இந்தச் சொல்தான் உறைத்தது. பணம் இல்லை என்பதைக்கூடப் பிள்ளைக்குச் சொல்லிப் புரியவைத்துவிடலாம். கடையில் தொங்குவது நிஜம், வீட்டில் உருவாவது போலி என்ற எண்ணம் ஒன்பது வயதில் வேர் விட்டுவிட்டால் அதைப் பிடுங்குவது கடினம். ஆகவே அன்று மாலை, கீரை ஆய்ந்துகொண்டே, அவளுக்கு அவளுடைய வீரர்களின் கதையையே எடுத்துச் சொன்னேன்.

படக்கதையில் கமலா கான் அணியும் உடை கடையில் வாங்கியதன்று. உடல் முழுவதும் மறையும்படி முஸ்லிம் பெண்கள் நீந்தும்போது அணியும் புர்கினி என்ற உடையைத் தன் பெட்டியிலிருந்து எடுத்து, அதைத்தான் அவள் வீராங்கனையின் உடையாக மாற்றிக் கொள்கிறாள். தொலைக்காட்சித் தொடரிலோ அந்த உடையை அவளுக்குத் தைத்துக் கொடுப்பவர் அவளுடைய தாயார். அது மட்டுமன்று. அத்தொடரின் தொடக்கத்தில், வீரர்களின் ரசிகர்கள் வேடமிட்டுக் கூடும் விழா ஒன்றிற்குச் செல்ல மகள் துடிக்கும்போது, தாயார் பச்சைத் துணியில் சல்வார் கமீஸ் தைத்து, "இதை அணிந்துகொண்டு அத்தாவோடு போ" என்கிறார். அத்தாவும் முகத்தில் பச்சை வண்ணம் பூசிக்கொண்டு ஹல்க் என்னும் அரக்க உருவமாக வந்து நிற்கிறார். மகளுக்கு வெட்கம் தாளவில்லை. தாய் தந்தையரின் முகம் வாடுகிறது. அந்தக் காட்சியில் என் மகள் சிரித்திருக்கிறாள். எதிர்வீட்டு வாசலில் நின்று பார்த்த எனக்கோ தொண்டை அடைத்தது.

சிலந்தி மனிதன் கதையும் அவ்வாறே. ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962இல் படைத்த பீட்டர் பார்க்கர், பெரியம்மா பெரியப்பாவிடம் வளரும் ஏழை மாணவன். தன் உடையைத் தானே தைத்துக் கொண்டவன். 2002ஆம் ஆண்டுத் திரைப்படத்தில், மல்யுத்த மேடை ஏறும் அவன் முதன்முதலில் அணிந்திருப்பது சாதாரணச் சிவப்புப் பனியனும் முகத்தை மூடும் துணியும்தான். இவர்களுக்கெல்லாம் மூத்தவரான சூப்பர்மேன் 1938இல் வந்தவர். குழந்தையாக இருந்தபோது அவரைச் சுற்றியிருந்த போர்வைகளிலிருந்தே வளர்ப்புத் தாயார் அந்த நீலச் சட்டையையும் சிவப்பு மேலங்கியையும் உருவாக்கினார் என்று ஒரு கதை வழக்கு உண்டு. அவரைப் படைத்த இருவரில் படம் வரைந்த ஜோ ஷஸ்டரின் தந்தை தையல்காரர். கதை எழுதிய ஜெர்ரி சீகலின் தந்தை துணிக்கடை வைத்திருந்தவர். உலகின் முதல் பெரும் வீரர் ஊசியும் நூலும் புழங்கிய வீடுகளிலிருந்துதான் புறப்பட்டிருக்கிறார்.

இப்படி வேடமிட்டு விழாக்களில் கூடும் வழக்கத்தை இன்று காஸ்ப்ளே என்கிறார்கள்; 1980களில் ஜப்பானில் பிறந்த சொல் இது. சொல்தான் புதிது. 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டிற்கு, எதிர்கால மனிதர்களைப் போல உடுத்திக்கொண்டு ஒரு பெண்ணும் ஓர் ஆணும் வந்தனர். மர்ட்டில் டக்ளஸ் என்ற அந்தப் பெண்மணியே இரண்டு உடைகளையும் தம் கையால் தைத்திருந்தார்.

"அப்போ நிஜமான மிஸ் மார்வெல் டிரெஸ்சும் வீட்ல பண்ணினதுதானா?" என்றாள் மகள்.

"கடையில் தொங்குவதுதான் அதைப் பார்த்துச் செய்த நகல்" என்றேன். கீரைக் கட்டில் பாதி தரையில் கிடந்தது. அவள் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து மின்னலை வரையத் தொடங்கினாள்.

இவ்விடத்தில் என் அத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்திற்கு எதிரே, 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் எழுப்பிய புது மண்டபத்தை வாசகர்கள் பலர் பார்த்திருக்கக் கூடும். சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல் இயந்திரங்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். அங்கே தைத்தவர்களில் நம்மவர் பலர். அத்தாவும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கே அமர்ந்து தைத்தார். சித்திரைத் திருவிழா நெருங்கினால் வீட்டிற்கு வரவே நள்ளிரவாகும். கள்ளழகருக்கு வேண்டிக்கொண்டு தண்ணீர் பீய்ச்சுவோர் அணியும் சல்லடமும் உருமாவும், கோயில் குடைகளின் தொங்கலும், நாடகக்காரர்களின் வெல்வெட் அங்கியும், பள்ளி ஆண்டு விழாக்களின் கிளியும் மயிலும் அவர் கையால் உருவானவை. ராஜாவும் மந்திரியும் என் அத்தாவின் முழங்கால் மேல் பிறப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கடைகள் குன்னத்தூர் சத்திரத்திற்கு இடம் மாறியபோது அவர் தொழிலை விட்டுவிட்டார். கை நடுக்கம் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. இயந்திரம் என் வீட்டிற்கு வந்துவிட்டது. தலையணை உறைகள் தைக்கவும், கிழிசல் ஒட்டவும், இஸ்திரிக்குப் போகும் துணிகளை அடுக்கி வைக்கவும் பயன்பட்டது.

பேத்தி வரைந்த படத்தை வாங்கிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மேடைக்கும் பார்க்கிறவங்களுக்கும் எத்தனை அடி தூரம்?"

வேடத் துணிக்கும் உடுக்கும் துணிக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இக்கேள்விக்குள் அடக்கம். நாம் உடுப்பதை மக்கள் இரண்டடி தூரத்தில் நின்று பார்ப்பார்கள்; தையல் நேராக இருக்க வேண்டும், மடிப்பு சீராக இருக்க வேண்டும். வேடத்தைப் பார்ப்பவர் குறைந்தது பத்தடி தள்ளி இருக்கிறார். அங்கிருந்து தெரிவன மூன்றுதான்: நிறம், வெளிக்கோடு, ஓர் அடையாளம். கமலா கானுக்கு நிறம் நீலமும் சிவப்பும். வெளிக்கோடு, முழங்கால் வரை தொங்கும் கமீசும் தோளிலிருந்து பறக்கும் சால்வையும். அடையாளம், மார்பில் மஞ்சள் மின்னல். மற்ற நுணுக்கங்களுக்குச் செலவிடும் காசு வீண் என்பது அத்தாவின் கணக்கு. கடைகளில் விற்கும் உடைகளில் பத்தடி தள்ளிப் பார்த்தால் தெரியாத அச்சு வேலைகளுக்கே பாதி விலை போகிறது.

இன்னொன்றையும் நாங்கள் அப்போது கவனித்தோம். நீளக் கமீஸ், கால் முழுவதும் மறையும் கீழாடை, தோளில் ஒரு துப்பட்டா: இந்த வீராங்கனையின் உடையில் முக்கால் பங்கு நம் ஒவ்வொரு வீட்டின் பெட்டியிலும் ஏற்கெனவே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. "இந்த வேசமெல்லாம் நமக்கு எதுக்கும்மா?" என்று தொடங்கிய என் மாமியார்கூட, அளவெடுத்த பிறகு, "இது நம்ம உடுப்புதானே" என்று சொல்லிவிட்டுத் தம் பங்கிற்கு ஊசியில் நூல் கோக்க அமர்ந்துவிட்டார். முழுவதும் பர்தாவோடு வரும் வீராங்கனையும் உண்டு. பாகிஸ்தானில் 2013இல் ஒளிபரப்பான புர்கா அவெஞ்சர் என்னும் கேலிச்சித்திரத் தொடரின் நாயகி ஒரு பள்ளி ஆசிரியை. பெண்கள் பள்ளியை மூட வருவோரைப் புத்தகத்தையும் பேனாவையும் ஆயுதமாகக் கொண்டு விரட்டுகிறார். அந்த வேடத்திற்குச் செலவே இராது. மகளிடம் சொல்லிப் பார்த்தேன். "மின்னல் இல்லையே" என்று தள்ளிவிட்டாள்.

அக்கா மகளின் பழைய பருத்திக் கமீஸ் ஒன்று கிடைத்தது. ஆனால் வெளிர் நீலம். கரு நீலமாக்கச் சாயம் போட வேண்டும். சாயப் பொட்டலம் வாங்குமுன் அத்தா ஒரு சோதனை செய்தார். உள் மடிப்பிலிருந்து இரண்டு இழையை உருவித் தீக்குச்சியில் காட்டினார். தாள் எரிந்த வாடையோடு மெல்லிய சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி; உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் பாலியெஸ்டர். கடையில் கிடைக்கும் சாதாரணச் சாயம் பருத்தியைப் பிடிக்கும்; பாலியெஸ்டரை ஏறிட்டும் பாராது. எங்கள் இழை சாம்பலாயிற்று.

சாயம் போட விரும்பும் சகோதரிகள் சில செய்திகளைக் கவனத்தில் கொள்ளலாம். துணியை முதலில் நன்றாக அலசிக் கஞ்சியையும் அழுக்கையும் போக்கிவிட வேண்டும். சாயத்தைத் தனியே சுடுநீரில் கரைத்து வடிகட்டிய பின்பே பெரிய பாத்திரத்தில் சேர்க்க வேண்டும். கட்டி இருந்தால் துணியில் புள்ளி விழும். ஈரத் துணியையே உள்ளே விட வேண்டும். உலர்ந்த துணி திட்டுத் திட்டாகக் குடிக்கும். ஒரு கைப்பிடி உப்பு அவசியம். அது சாயத்தை நீரிலிருந்து துணிக்குத் தள்ளுகிறது. சிறு தீயில் அரை மணி நேரம் கொதிக்கும்போது குச்சியால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு, தெளிந்த நீர் வரும் வரை அலசி நிழலில் உலர்த்த வேண்டும். சமையலுக்குப் பயன்படும் பாத்திரத்தை இதற்கு எடுக்கவே கூடாது. நாங்கள் ஓட்டை விழுந்து மூலையில் கிடந்த ஈயப் பாத்திரத்தை எம்-சீல் வைத்து அடைக்கப் பார்த்தோம். தீயில் நிற்காது என்று மாமி தடுத்து, பழைய வெந்நீர்ப் பானையைக் கொடுத்தார்.

உலர்ந்த கமீஸ் இரவு வானத்தின் நிறத்தில் வந்தது. தையல் ஓடிய இடங்கள் மட்டும் பழைய வெளிர் நீலமாகவே நின்றன. நூல் பாலியெஸ்டர் என்பதால் இப்படித்தான் ஆகும் என்று அத்தா முன்பே சொல்லியிருந்தார். பார்ப்பதற்கு வேண்டுமென்றே வைத்த அலங்காரம் போலத்தான் இருந்தது.

கைகளுக்குச் சிவப்பு வேண்டும். நைந்துபோன சிவப்பு லெக்கிங்ஸ் ஒன்றின் இரு கால்களையும் வெட்டினால் இரண்டு முழுக்கைகள் தயார். கணுக்கால் பக்கம் மணிக்கட்டாகிவிடும். கமீசின் அரைக்கைக்குள் விட்டு ஓட்டுத் தையல் போட்டோம். கீழே பெருநாளுக்கு எடுத்த சிவப்புச் சல்வார். பழைய கான்வாஸ் காலணியின் மேல் சிவப்புக் காலுறையை இழுத்துவிட்டால் அதுவே வீராங்கனையின் பூட்ஸ். அடிப்பகுதியில் காலுறையை வெட்டிவிட வேண்டும். இல்லையேல் மேடையில் வழுக்கும்.

மின்னல்தான் நாள் பிடித்தது. மகள் வரைந்த முதல் மின்னல் உள்ளங்கை அளவே இருந்தது. செய்தித்தாளில் பல அளவுகளில் வெட்டி, கமீசின் மேல் குண்டூசியால் குத்தி அவளைத் தெருமுனையில் நிறுத்திப் பார்த்தோம். தோளிலிருந்து இடுப்பு வரை நீண்ட மின்னல்தான் கண்ணில் பட்டது. மஞ்சள் சாட்டின் கால் மீட்டர் வாங்கினோம். சாட்டின் வழுக்கும், ஓரம் பிரியும். ஆகவே சட்டைக் காலருக்குள் வைக்கும் கேன்வாஸ் துணியைப் பின்னால் வைத்து விறைப்பாக்கினோம். மின்னலுக்கு வெளி மூலைகளும் உண்டு, உள் மூலைகளும் உண்டு. வெளி மூலையில் மிகுதித் துணியைச் சீவிவிட வேண்டும்; உள் மூலையில் தையல் கோடு வரை ஒரு சிறு வெட்டுக் கொடுக்க வேண்டும். இந்த வெட்டைக் கொடுக்காவிட்டால் மடித்த துணி சுருங்கி, மின்னல் மண்புழுவாகிவிடும். ஊதுபத்தியின் கனலை ஓரத்தில் மெல்ல ஓட்டினால் சாட்டின் இழைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். அத்தா இதைச் செய்து காட்டும்போது அவர் கை நடுங்கவே இல்லை. கத்தரி பிடித்தபோதும் நடுங்கவில்லை. தேநீர்க் குவளையை எடுத்தபோது மறுபடி நடுங்கியது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவரும் கவனித்தது போல் காட்டிக்கொள்ளவில்லை.

சால்வையைப் பற்றி மட்டும் தாய்மார்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வீரர்களின் மேலங்கியைப் பிள்ளைகளின் கழுத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டுவது ஆபத்து. பின்னால் வரும் பிள்ளை மிதித்தாலும், கதவிடுக்கில் சிக்கினாலும் கழுத்து இறுகும். நாங்கள் துப்பட்டாவை இரு தோள்களிலும் வெல்க்ரோவால் ஒட்டவைத்தோம்; இழுத்தால் கையோடு வந்துவிடும். நைலான், சாட்டின் போன்றவை தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும் என்பதால், வேடமிட்ட பிள்ளைகள் அடுப்பருகே வரக் கூடாது என்றும் வீட்டில் சட்டமிட்டோம். கமலா கானுக்குக் கண்களைச் சுற்றி ஒரு முகமூடி உண்டு. என் மகள் மூக்குக்கண்ணாடி அணிபவள், முகமூடியை விட்டுவிட்டோம். படி தெரியாமல் விழும் வீராங்கனை யாருக்கும் பயன்பட மாட்டாள்.

கடைசியாக வளையல். கதையில் அவள் கையில் ஒரு தங்கக் காப்பு உண்டு. தொடரில் அது கொள்ளுப்பாட்டியின் வழியாக வந்தது. பெட்டி ஒட்டும் நாடாவின் உள்ளே இருக்கும் அட்டை வளையம் ஒன்பது வயதுக் கைக்குச் சரியாக இருந்தது. அதன் மேல் சுற்றப் பொன்னிறக் காகிதம் வாங்கிவரக் கிளம்பினேன். "இரும்மா" என்று அத்தா எழுந்து போய் ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து வந்தார். மறைந்த என் அம்மாவின் நிக்காஹ் புடவை. உடல் பகுதி எப்போதோ இற்றுவிட்டது. கரை மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. நான் வேண்டாமென்றேன். அவர் அதற்குள் ஒரு சாண் அளந்து வெட்டிவிட்டார். "பெட்டிக்குள்ள இருந்து என்ன செய்யப்போவுது?" என்றார். மகள் அதைச் சுற்றி ஒட்டினாள். ஓரிடத்தில் கோணலாகத்தான் இருந்தது. அவளே ஒட்டியது என்பதால் நாங்கள் தொடவில்லை.

செலவுக் கணக்கு இது: மஞ்சள் சாட்டினும் கேன்வாஸும் 45 ரூபாய், சாயம் இரண்டு பொட்டலம் 40, சிவப்புக் காலுறை 40, வெல்க்ரோ 20, நூல்கண்டும் ஊசியும் 20. ஆக 165 ரூபாய். உப்பு வீட்டிலிருந்தது. என் கணவர் கணக்கு எழுதுபவர் என்பதால் அந்தத் தாளை வாங்கி இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முதலாளியிடம் கேட்பது பற்றி அதன் பிறகு பேச்சே எழவில்லை.

போட்டி நாளில் மேடையில் சூப்பர்மேன்கள் மட்டும் நால்வர் நின்றனர். நால்வருக்கும் ஒரே கடையின் பஞ்சு மார்பு. ஒருவருடைய மார்பு வெயிலில் சற்று இறங்கி வயிறாகியிருந்தது. முதற்பரிசு பெற்றவன் அட்டைப்பெட்டிக்குள் நின்ற தபால் பெட்டி. அவனும் வீட்டு வேலைதான். மிக நேர்த்தியாக இருந்தான். நடுவராக வந்த ஆசிரியை என் மகளிடம், "இந்த டிரெஸ் எங்கே வாங்கினீங்க?" என்று கேட்டார். கேட்டதுதான் தாமதம். தீக்குச்சியில் இழை எரித்தது, உப்புப் போட்டது, லெக்கிங்ஸ் கையானது, நன்னா ஊதுபத்தியால் ஓரம் சுட்டது, நன்னியின் புடவைக் கரை வளையலானது என்று அவள் ஒலிபெருக்கியில் சொல்லத் தொடங்கிவிட்டாள். மனப்பாடம் செய்த நான்கு வரி வசனம் மறந்தே போயிற்று. மணி அடித்து இறக்க வேண்டியதாயிற்று. வசனம் சொல்லாததால் மதிப்பெண் குறைந்தது; எவர்சில்வர் டப்பா ஒன்று ஆறுதல் பரிசாகக் கிடைத்தது. கூட்டத்தின் பின்வரிசையில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு வந்திருக்கிறார். எங்களுக்கு அவர் சொல்லவே இல்லை.

துப்பட்டா மறுநாளே வெல்க்ரோவைப் பிரித்துக்கொண்டு என்னிடம் திரும்பிவிட்டது. மின்னலைப் பிரித்தால் கமீசை மதரஸாவுக்குப் போட்டுப் போகலாம் என்றேன், மகள் சம்மதிக்கவில்லை. மாலையில் அதை அணிந்துகொண்டு மாடியில் ஓடுகிறாள். எதிர்வீட்டுப் பிள்ளைகள் முறை வைத்து இரவல் வாங்குகிறார்கள். தையல் இயந்திரத்தின் மேலிருந்த இஸ்திரித் துணிகள் இப்போது நாற்காலிக்கு இடம் மாறிவிட்டன.

இரண்டாம் வகுப்புப் படிக்கும் இளையவனுக்குச் சிலந்தி மனிதன் வேண்டுமாம். அத்தா தம் பழைய முழுக்கைப் பனியன் ஒன்றைச் சிவப்புச் சாயத்திற்கென்று எடுத்து வைத்திருக்கிறார். வலைக்கு வேண்டிய கறுப்பு உல்லன் நூல் ஒரு கண்டு எவ்வளவு என்று நேற்று என்னை விசாரித்து வரச் சொன்னார். 30 ரூபாய்.